பெல்ட்டுகளை எண்ணி மல்லர்களை அளக்காதீர்கள்: தேர்வுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

தேர்வுக் குழுவினருக்கு,

தொழில்முறை மல்யுத்தத்தின் தலைசிறந்த நூறு பேரைத் தேர்ந்தெடுக்க நீங்கள் அனுப்பியிருக்கும் புதிய மதிப்பெண் தாளை நான் நிரப்பப் போவதில்லை. காரணத்தை உங்களிடம் மட்டும் சொல்லியிருக்கலாம். ஆனால் வாக்களிக்கும் எங்களில் ஒருவரையும் கேட்காமல் எடுத்த முடிவு இது என்பதால், வாக்களிக்கும் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

தாளில் இருப்பது இவ்வளவுதான். உலகச் சாம்பியன் பட்டங்களின் எண்ணிக்கைக்கு 50 மதிப்பெண். ஒரு பத்திரிகையாளர் ஆட்டங்களுக்குப் போடும் நட்சத்திர மதிப்பீட்டுக்கு 30. பெரிய நிகழ்ச்சிகளில் பெற்ற வெற்றிகளுக்கு 20. மகளிர் பட்டம் என்றால் பட்டத்துக்கான மதிப்பெண்ணில் பாதி. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 'ஏன் இவர்' என்று ஒரு பத்தி எழுதும் கட்டம் போன முறை வரை இருந்தது. அதை எடுத்தே விட்டீர்கள். "விருப்பு வெறுப்புக்கு இடமில்லாத கணக்கு" என்று முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறீர்கள்.

இந்தக் கணக்கு நமக்குப் புதிதல்ல. தொண்ணூறுகளில் பள்ளிக்கூடம் போன யாரும் டிரம்ப் கார்டுகளை மறந்திருக்க மாட்டார்கள். உயரம், எடை, மார்பளவு, புஜத்தின் அளவு, மோதிய ஆட்டங்கள், வென்ற ஆட்டங்கள், தரவரிசை. நல்ல சீட்டு கையில் வந்தால் போதும். அதில் இருக்கும் ஆள் மோதி நாம் பார்த்திருக்கவே வேண்டாம். பத்து வயதில் மதிய உணவு இடைவேளைக்கு அது பிரமாதமான விளையாட்டு. உங்கள் தாளும் அதே சீட்டுக்கட்டுதான். மார்பளவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நட்சத்திரங்களை வைத்திருக்கிறீர்கள்.

முதலில் பட்டங்களை எடுத்துக்கொள்வோம். யார் வெல்வது என்பதைக் கதை எழுதுகிறவர்கள் முன்கூட்டியே தீர்மானிக்கிறார்கள். இதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் உங்கள் தாளுக்கு யாராவது சொல்ல வேண்டும். 2000 ஏப்ரலில் டபிள்யூ.சி.டபிள்யூ. என்ற அமெரிக்க மல்யுத்த நிறுவனம் ஒரு திரைப்பட விளம்பரத்தை ஒட்டி, நடிகர் டேவிட் ஆர்கெட்டிடம் தன் உலகப் பட்டத்தையே தூக்கிக் கொடுத்தது. அதே ஆண்டு செப்டம்பரில், அங்கே கதை எழுதிக்கொண்டிருந்த வின்ஸ் ருஸ்ஸோ அதைத் தானே 'வென்றார்'. மறுபக்கம் ஆந்த்ரே தி ஜெயண்டைப் பாருங்கள். அவர் பெற்ற ஒரே உலகப் பட்டம் 1988 பிப்ரவரியில் ஹல்க் ஹோகனிடமிருந்து வந்தது. வந்த சூட்டோடு, ரிங்கை விட்டு இறங்கும் முன்பே, டெட் டிபியாசியிடம் அதை ஒப்படைத்தார். உங்கள் முதல் கட்டத்தின்படி ஆந்த்ரேவும் டேவிட் ஆர்கெட்டும் சரிசமம். ராடி பைப்பர் அதன் போட்டி நிறுவனமான டபிள்யூ.டபிள்யூ.எஃப்.பின் (இன்றைய டபிள்யூ.டபிள்யூ.இ.) உலகப் பட்டத்தைத் தொட்டதே இல்லை. ஜேக் ராபர்ட்ஸ் அந்த நிறுவனத்தில் எந்தப் பட்டத்தையும் வென்றதில்லை. மைக்கைப் பிடித்துக் கத்தாமல், ஏறக்குறைய முணுமுணுத்தே ஒரு அரங்கத்தை நடுங்க வைத்த மனிதருக்கு உங்களிடம் கிடைப்பது பூஜ்யம்.

எண்ணிக்கை ஏமாற்றுவதற்கு இதைவிடத் தெளிவான சான்றும் இருக்கிறது. புரூனோ சாமார்டினோ 1963 மே மாதம் பட்டத்தை வென்றார். 1971 ஜனவரி வரை அதை இழக்கவில்லை. ஏழரை ஆண்டுகளுக்கும் மேல். எழுபதுகளில் இன்னொரு முறை வென்று மூன்று ஆண்டுகளுக்கும் மேல் வைத்திருந்தார். நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனுக்கு இத்தாலியக் குடியேறிகள் குடும்பம் குடும்பமாக வந்தது இவருக்காக. உங்கள் கணக்கில் அவர் பெறுவது இரண்டு. பட்டம் பம்பரம்போல் கைமாறிக்கொண்டிருந்த 2000-களில் வந்த எட்ஜ் பெறுவது பதினொன்று. எட்ஜ் எனக்கும் பிடித்தவர்தான். ஆனால் சாமார்டினோவைவிட ஐந்து மடங்கு பெரியவர் என்று அவரே ஒப்புக்கொள்ள மாட்டார்.

பட்டம் வெறும் தகரம் என்று நான் வாதிடவில்லை. இவரை நம்பி அரங்கத்தை நிரப்பலாம் என்று ஒரு நிறுவனம் நினைப்பதற்கு அது அடையாளம். ஜான் சீனா 2025-இல் பதினேழாவது முறை வென்றதற்குப் பின்னால் இருபது ஆண்டுக் கூட்டம் நிற்கிறது. ஆனால் எந்தப் பட்டம் எப்படி வந்தது என்று கேட்காமல் எப்படி? 1999 ஜனவரி 4 இரவை நினைத்துப் பாருங்கள். டபிள்யூ.டபிள்யூ.எஃப். நிகழ்ச்சியில் மிக் ஃபோலி முதல்முறையாகச் சாம்பியன் ஆகப் போகிறார். அந்த ஆட்டம் முன்பே பதிவு செய்யப்பட்டது. போட்டிச் சேனலில், டபிள்யூ.சி.டபிள்யூ. நிகழ்ச்சியின் வர்ணனையாளர் அந்த முடிவை நேரலையிலேயே போட்டு உடைத்து, இதைப் பார்க்கவா கூட்டம் வரப்போகிறது என்று கேலியும் செய்தார். விளைவு, லட்சக்கணக்கான வீடுகள் அந்தக் கணமே சேனலை மாற்றின. காது கிழிந்து, பல் உடைந்து, கூண்டின் உச்சியிலிருந்து விழுந்து எழுந்த ஒருவர் ஒருமுறையாவது ஜெயிப்பதைப் பார்க்க அத்தனை பேர் காத்திருந்தார்கள். அதே இரவு, அந்தப் போட்டிச் சேனலில், ஹோகன் ஒற்றை விரலால் கெவின் நாஷின் நெஞ்சில் குத்த, நாஷ் மல்லாந்து விழ, அங்கும் உலகப் பட்டம் கைமாறியது. இரண்டுக்கும் உங்கள் தாள் ஒரே மதிப்பெண்ணைத் தருகிறது.

அடுத்தது நட்சத்திரங்கள். டேவ் மெல்ட்சர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் எண்பதுகளிலிருந்து ஆட்டங்களுக்குப் போட்டுவரும் மதிப்பீடு இது. அவர்மீது எனக்கு மரியாதை உண்டு. ஜப்பானில் என்ன நடக்கிறது என்று வெளியுலகம் தெரிந்துகொண்டதில் அவருக்குப் பெரும் பங்கு இருக்கிறது. ஆனாலும் அது ஒரு மனிதரின் ரசனை. வழக்கமாக ஐந்தே உச்சம் என்றிருந்தது, 2017 ஜனவரியில் டோக்கியோ டோம் அரங்கில் ஒகாடாவும் கென்னி ஒமேகாவும் 46 நிமிடங்களுக்கு மேல் மோதியபோது ஆறானது. அடுத்த ஆண்டு ஒசாகாவில் அதே இருவருக்கு ஏழானது. அருமையான ஆட்டங்கள், மறுக்கவில்லை. ஆனால் நட்சத்திரங்களைச் சராசரி எடுக்கப் போகும் உங்கள் கணக்கில், ஐந்தே உச்சமாக இருந்த 1989-இல் ரிக் ஃபிளேரும் ரிக்கி ஸ்டீம்போட்டும் மோதிய மூன்று ஆட்டங்களின் கதி என்ன?

இன்னொரு சங்கடம் இருக்கிறது. 1987 மார்ச் 29, பான்டியாக் சில்வர்டோம், டபிள்யூ.டபிள்யூ.எஃப்.பின் ஆண்டுப் பெருவிழாவான ரெஸில்மேனியாவின் மூன்றாவது ஆண்டு. ராண்டி சாவேஜும் ஸ்டீம்போட்டும் கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக மோதினார்கள். சாவேஜ் ஒவ்வொரு அசைவையும் எண் போட்டுத் தாளில் எழுதி, எத்தனையாவது அசைவுக்குப் பின் எது வரும் என்று ஸ்டீம்போட்டிடம் திரும்பத் திரும்பக் கேட்டு ஒப்பித்தாராம். ஸ்டீம்போட்டே இதைப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இன்று பார்த்தாலும் ஓர் அடி வீணாகத் தெரியாது. அதே இரவின் கடைசி ஆட்டம் ஹோகனும் ஆந்த்ரேவும். முதுகு வலியில் ஆந்த்ரே நடக்கவே சிரமப்பட்டார். பாதி ஆட்டம் கட்டிப்பிடித்தபடி நின்றார்கள். மெல்ட்சர் போட்டது மைனஸ் நான்கு நட்சத்திரம். ஆட்டத் திறனை மட்டும் பார்த்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த மைதானத்தை நிரப்பிய கூட்டம் (93,173 பேர் என்று நிறுவனம் அறிவித்தது; அந்த எண்ணைப் பற்றிய சண்டை இன்னும் ஓயவில்லை) எதற்காக வந்தது? ஹோகன் அந்த மலையைத் தூக்கிப் போட்ட ஒரு நொடிக்காக. இரண்டு ஆட்டங்களும் மகத்தானவைதான், வெவ்வேறு காரணங்களுக்காக. அந்தக் காரணங்களை எழுதத்தான் அந்தப் பத்தி இருந்தது.

2002-இல் டொராண்டோவில் தி ராக்குடன் மோதிய ஹோகனையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். கதைப்படி அவர் வில்லன். ஆனால் அரங்கம் அன்று அதை ஏற்க மறுத்தது; அவருடைய ஒவ்வொரு குத்துக்கும் கூரை அதிர்ந்தது. இருவரும் அசையாமல் நின்று ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள், இரண்டு பக்கமும் திரும்பிக் கூட்டத்தைப் பார்க்கிறார்கள், ஆட்டத்தின் போக்கையே அந்த இடத்தில் மாற்றுகிறார்கள். அடி, உதை, கீழே கிடப்பவர்மேல் காலைப் போட்டு விழும் லெக் டிராப். இதற்குமேல் நுணுக்கம் கிடையாது. கூட்டம் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கத் தெரிந்த இரண்டு பேர் இருந்தார்கள், அவ்வளவுதான். இதற்கு உங்கள் தாளில் எந்தக் கட்டம்?

உங்கள் தாளின் ஆகப் பெரிய அநியாயம் கடைசி 20 மதிப்பெண்ணில் இருக்கிறது. வெற்றிக்கு மதிப்பெண்.

1997 மார்ச் 23, சிகாகோ அருகே நடந்த ரெஸில்மேனியா. பிரெட் ஹார்ட்டும் ஸ்டீவ் ஆஸ்டினும். ஒருவர் சரணடையும்வரை ஆட்டம் முடியாது. நடுவர் கென் ஷாம்ராக். ஹார்ட் நல்லவர், ஆஸ்டின் கெட்டவர் என்று தொடங்கியது. முடிவில் ஆஸ்டின் குப்புறக் கிடக்கிறார். கால்கள் இரண்டும் ஷார்ப்ஷூட்டர் பிடியில். நெற்றியிலிருந்து வழியும் ரத்தம் மூக்கின் இரு பக்கமும் இறங்கிப் பல்லிடுக்கில் நிற்கிறது. இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்றி உடம்பைத் தூக்குகிறார், பிடி ஒருகணம் தளர்கிறது, மறுபடியும் இறுகுகிறது. கத்துகிறார், ஆனால் 'விட்டுவிடு' என்று சொல்லவில்லை. சொல்லாமலே மயங்குகிறார். எங்கள் பெரியம்மா 'எல்லாம் பொய் அடி' என்று தினமும் சொல்லிக்கொண்டே கூட உட்கார்ந்து பார்ப்பவர். வீடியோவில் இதைப் பார்த்தபோது, "அந்தப் பிள்ளையை விடச் சொல்லுங்களேன்" என்றார். ஆட்டத்தை நிறுத்திய பிறகும் ஹார்ட் அடிக்கப் போக, கூட்டம் அவருக்கு எதிராகத் திரும்பியது. தாங்க வந்த கைகளைத் தட்டிவிட்டுத் தள்ளாடியபடி போன ஆஸ்டினுக்கு ஆரவாரம். நல்லவரும் கெட்டவரும் ஒரே ஆட்டத்தில் இடம் மாறினார்கள். அடுத்த சில ஆண்டுகளுக்கு அந்தத் தொழிலையே சுமந்த ஆஸ்டின் உருவானது அந்தத் தோல்வியில். உங்கள் தாள் ஹார்ட்டுக்கு வெற்றி மதிப்பெண் தரும். ஆஸ்டினுக்கு ஒன்றும் இல்லை.

அதற்கு ஒரு வருடம் முன்புவரை அதிகம் பேர் கேள்விப்பட்டிராத ஸ்டிங் என்ற இளைஞரோடு 1988 மார்ச்சில் 45 நிமிடம் மோதி சமனில் முடித்தார் ஃபிளேர். சாம்பியனை இந்தப் பையன் கிட்டத்தட்ட வென்றுவிட்டான் என்று பார்த்தவர்கள் நம்பினார்கள். மறுநாள் காலை ஸ்டிங் நட்சத்திரம். எதிராளியைப் பெரியவனாகக் காட்டத் தெரிவதுதான் இந்தத் தொழிலின் ஆகக் கடினமான வித்தை என்று நான் கருதுகிறேன். சமனுக்கு உங்களிடம் மதிப்பெண் கிடையாது. வாரம் தவறாமல் தோற்றுத் தோற்றே மற்றவர்களை ஏற்றிவிட்ட பேரி ஹொரோவிட்ஸ் போன்றவர்களைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

மகளிர் பட்டத்துக்குப் பாதி மதிப்பெண் என்ற விதியை யார் முன்மொழிந்தீர்கள் என்று அறிய விரும்புகிறேன். போன முறை ஒரு கல்லூரி மாணவி ஜப்பானிய வீராங்கனை அகிரா ஹொகுடோவைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தார். 1987-இல் ஓர் ஆட்டத்தின் நடுவில் கழுத்தெலும்பு முறிந்தும், தன் தலையைத் தானே இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு ஹொகுடோ ஆட்டத்தை முடித்ததை அதில் படித்தேன். 1993 ஏப்ரலில் யோகோஹாமாவில் ஷினோபு கண்டோரியுடன் அவர் மோதியதைத் தேடிப் பார்த்ததும் அந்தப் பத்தியால்தான். தொடக்கத்திலேயே தோள் பறிபோனதுபோல் துடிப்பது, பிறகு முகமெல்லாம் ரத்தம், இரண்டு நிறுவனங்களின் மானமே அந்த ரிங்கில் கிடப்பது போன்ற வெறி. என் பட்டியலில் அவர் இருபதுக்குள் வந்தார். அந்த மாணவியின் பத்தி இல்லையென்றால் எங்களில் பாதிப் பேருக்கு அவர் பெயரே தெரிந்திருக்காது. 2015 ஆகஸ்டில் புரூக்ளினில் சாஷா பேங்க்ஸும் பெய்லியும் மோதியதை அந்த வார இறுதியின் தலைசிறந்த ஆட்டம் என்று நம் கூட்டத்திலேயே பலர் சொன்னார்களே, அது பாதி ஆட்டமா?

நட்சத்திரங்களைக் கூட்டிப் பரிசளிப்பதில் எனக்கு இன்னொரு பயமும் உண்டு. தொண்ணூறுகளில் ஆல் ஜப்பான் என்ற நிறுவனத்தின் ஆட்டங்களுக்கு ஐந்து நட்சத்திரம் குவிந்தது. மிட்சுஹாரு மிசாவாவும் கவாடாவும் கோபாஷியும் கழுத்தும் தலையும் தரையில் மோத விழுந்தார்கள். கூட்டம் எழுந்து நின்றது. அடுத்த முறை இன்னும் செங்குத்தாக விழவேண்டியதாயிற்று. 2009 ஜூன் 13 அன்று ஹிரோஷிமாவில், வழக்கமான ஒரு வீழ்த்தலுக்குப் பின் மிசாவா எழவில்லை. வயது 46. அவரை என் முதல் பத்தில்தான் வைத்திருக்கிறேன். ஆனால் எண்ணிக்கை ஏற ஏற மதிப்பும் ஏறும் என்று ரசிகர்களான நாம் விதியே எழுதுவது எனக்கு உறுத்துகிறது.

கடைசியாக, நீங்கள் வாய் திறக்காத பெயர்: கிறிஸ் பென்வா. 2007 ஜூனில் தன் மனைவியையும் ஏழு வயது மகனையும் கொன்றுவிட்டுத் தன்னையும் மாய்த்துக்கொண்டவர். அவருடைய ஆட்டங்களையும் பட்டங்களையும் உங்கள் தாளில் போட்டுப் பார்த்தேன். எந்தச் சலனமும் இல்லாமல் பட்டியலுக்குள் வந்து உட்கார்கிறார். அவர் இருக்கலாமா கூடாதா என்பதில் நமக்குள் இருவேறு கருத்து உண்டு; என் கருத்து, கூடாது. நீங்கள் வேறு முடிவுக்கு வரலாம். ஆனால் அந்த முடிவைக் கணக்கின் தலையில் கட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ள முடியாது.

காரணம் எழுதச் சொன்னால் ஆளுக்கு ஆள் பிடித்தவரைப் புகழ்ந்து தள்ளுவார்கள் என்று உங்களில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். தள்ளட்டும். எழுதிய காரணத்தோடு நான் மல்லுக்கு நிற்கலாம், அந்த ஆட்டத்தைப் போட்டுப் பார்த்து 'இல்லை' என்று சொல்லலாம். 50-க்கு 37 என்ற எண்ணோடு எப்படி வாதாடுவது?

எனவே குழுவிடம் நான் கேட்பவை இவை. மதிப்பெண் தாளைத் திரும்பப் பெறுங்கள். காரணம் எழுதும் பத்தியை மீண்டும் கொண்டுவாருங்கள். பத்தி இல்லாத வாக்கு செல்லாது என்று விதியும் சேருங்கள். பட்டங்களையும் நட்சத்திரங்களையும் வாக்காளர்கள் சான்றாகக் காட்டட்டும். அவற்றுக்குத் தனி எடை வேண்டாம். பட்டத்தைச் சொன்னால் எவ்வளவு காலம் வைத்திருந்தார், யாரிடம் எப்படி வென்றார் என்பதையும் சொல்லவேண்டும். மகளிர் பட்டத்துக்குப் பாதி என்ற விதியை இன்றே நீக்கி, அதை நீக்கியதாக எல்லோருக்கும் எழுதுங்கள். முன்மொழியப்படும் ஒவ்வொருவருக்கும் மூன்று ஆட்டங்களையாவது முன்மொழிபவர் குறிப்பிடவேண்டும். அவற்றில் ஒன்று அவர் தோற்ற ஆட்டமாக இருக்கவேண்டும். பென்வா பற்றிய முடிவைத் தனித் தீர்மானமாக வைத்து, யார் எப்படி வாக்களித்தீர்கள் என்பதைப் பெயரோடு வெளியிடுங்கள். இதற்கெல்லாம் நேரம் வேண்டும்; வாக்களிப்பின் கடைசித் தேதியை ஒரு மாதம் தள்ளிவையுங்கள்.

இவற்றுக்கு எழுத்தில் பதில் வரும்வரை என் பெயரை வாக்காளர் கணக்கில் சேர்க்கவேண்டாம். நான் எழுதி வைத்திருக்கும் நூறு பத்திகளும் தயாராக இருக்கின்றன. கட்டம் திரும்பி வந்த அன்றே அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பட்டியலுக்குத் தொடக்கம் முதல் வாக்களித்துவரும் ரசிகன்